மினுக்கிக் கொடுத்த பதக்கம்

இரத்தினவேலர் ஒரு பதக்கத்தைப் பொய் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அதற்காக வாதாட ரொறொன்ரோவில் ஆள் கிடையாது. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இந்தக் கதை அவரைப் பற்றியதல்ல, அவருடைய மனைவி புனிதவதியைப் பற்றியது. ஆனால் அவளைப் பற்றி எதைச் சொல்லத் தொடங்கினாலும் அந்த மனிதர் முந்திக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவளுடைய வாழ்க்கையிலும் அப்படித்தான் நடந்தது.

இருவரும் எழுபத்தைந்தாம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து கனடாவுக்கு வந்தவர்கள். புனிதவதிக்கு ஒரு விடுதியின் சலவைப் பகுதியில் வேலை. அவருக்கு ஸ்காபரோவில் உலோகங்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில் வேலை. அங்கே இருந்த மேற்பார்வையாளன் ஒருவனுக்குப் பழைய யுத்தச் சாமான் சேர்க்கும் பைத்தியம். அவன் காட்டிய பதக்கங்களில் எது அச்சில் அடித்தது, எது வார்த்தது, எதற்கு நேற்றுத்தான் முலாம் பூசினார்கள் என்று இவர் சொல்லப்போய், எண்பத்துமூன்றளவில் ஒரு யுத்தச் சாமான் கடையின் பின்னறையில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுமளவுக்கு வந்துவிட்டார். அதிலும் ஜேர்மன் நீர்மூழ்கிப் பதக்கம் என்றால் அவரை விட்டால் ஆள் இல்லை. கடலுக்கடியில் போய் உயிரோடு திரும்பிய மாலுமிகளுக்குக் கொடுத்தது அது. முட்டை வடிவில் ஒரு இலைமாலை, நடுவில் நீர்மூழ்கி, மேலே சுவஸ்திகாவைப் பிடித்தபடி ஒரு கழுகு. போனவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வராததால் பதக்கத்துக்குக் கிராக்கி. கிராக்கி இருந்தபடியால் போலிகளுக்கும் பஞ்சமில்லை.

சேகரிப்பாளர்கள் அவரை நம்பியதற்கு அவர் தமிழராக இருந்ததும் ஒரு காரணம். ஜேர்மன்காரனைக் கேட்டால் ஆசையில் அசல் என்பான், ஆங்கிலேயனைக் கேட்டால் ஆத்திரத்தில் போலி என்பான், இந்த மனிதருக்கோ அந்த யுத்தத்தில் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அவர்கள் நினைத்தார்கள்.

இரத்தினவேலர் பதக்கத்தின் முகத்தைப் பார்க்கமாட்டார். கவிழ்த்து முதுகைப் பார்ப்பார். ஊசி எப்படிப் பொருத்தியிருக்கிறது, ஒட்டிய இடத்தில் ஈயம் வழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் பூதக்கண்ணாடி. இலைகளின் பள்ளங்களில் பழைய பொன்முலாம் தங்கியிருக்க வேண்டும், மேடுகளில் தேய்ந்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே நாற்பது வருட அழுக்குக் கறுத்துப் படிந்திருக்க வேண்டும். அந்த அழுக்குத்தான் சாட்சி, அதை எவனாலும் செய்ய ஏலாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

கடை முடிந்ததும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போவது வழக்கம். அதனால் சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு புனிதவதியும் பின்னறை மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அங்கே அவள் கண்டதெல்லாம் மனிதர்களின் முகம் சுண்டிப்போவதைத்தான். ஒருநாள் ஒரு கனேடியக் கிழவி, கடற்படையில் இருந்த தன் கணவனுக்குச் சிறைபிடிபட்ட ஜேர்மன்காரன் ஒருவன் கழற்றிக் கொடுத்தது என்று சொல்லி ஒரு பதக்கத்தை நீட்டினாள். "யுத்தம் முடிந்து பல வருடத்துக்குப் பிறகு வார்த்தது. உங்கள் கணவர் கடையில் வாங்கியிருக்கிறார்" என்று சொல்லி, இரத்தினவேலர் அதை ஒற்றை விரலால் அவள் பக்கம் தள்ளினார். கிழவி அழுதுகொண்டு நிற்க, இவர் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.

காரில் வரும்போது புனிதவதிக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் ஆறுதலாச் சொல்லியிருக்கலாம்தானே?"

"ஆறுதல் சொல்லவோ நான் அங்க இருக்கிறன்? இரக்கம் பாக்கிறவன் எண்டு ஒருக்கா பேர் வந்துதெண்டால், பிறகு என்ர சொல்லை ஒருத்தனும் எடுக்கமாட்டான்."

எண்பத்தாறாம் ஆண்டு ஒக்ரோபரில் பிக்கரிங்கிலிருந்து ஹெல்முட் என்ற கிழவர் வந்தார். ஓய்வுபெற்ற வெதுப்பகக்காரர், ரொட்டி சுட்டு விற்றவர். யுத்தத்தில் ஒரு நீர்மூழ்கியில் சமையற்காரராக இருந்தவர். கடைசிப் பயணத்துக்கு முதல்நாள் குடல்வால் நோவென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கப்பல் அவர் இல்லாமல் போனது, திரும்பி வரவில்லை. அவருக்காகச் சாட்சி சொல்ல அந்தக் கப்பலில் இருந்த ஒருவரும் உயிரோடு இல்லை. பத்திரங்கள் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. ரொறொன்ரோவில் இருந்த பழைய ஜேர்மன் மாலுமிகள் சங்கத்தில் அவரை வைத்துப் பகிடி பண்ணினார்கள். இவன் எங்கே கடலுக்குப் போனான், துறைமுகத்தில் பாண் சுட்டவன் என்றார்கள்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். நவம்பரில் இறந்தவர்களை நினைக்கிற ஞாயிறன்று, சங்கத்தார் தேவாலயத்தில் கூடித் தங்கள் தங்கள் கப்பல்களில் செத்தவர்களின் பெயர்களை எழுந்து நின்று வாசிப்பார்கள். தன் கப்பல் பையன்களின் பெயர்களை அங்கே ஒருநாளும் யாரும் வாசித்ததில்லை, சாகமுன்னர் ஒருமுறை தான் வாசிக்க வேண்டும் என்றார். அந்த இந்தியன் உன் பதக்கத்தை அசல் என்று சொன்னால் வாசி என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டாராம். அவர்களுக்கு இரத்தினவேலர் இந்தியன்தான்.

இரத்தினவேலர் பதக்கத்தைக் கவிழ்த்தார், பூதக்கண்ணாடியால் பார்த்தார். தன் முகவரி அட்டையைக் கிழவர் மேசையில் வைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், அடுத்த ஞாயிறு வாருங்கள் என்று சொல்லி இவர் இரண்டையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன, பொய்ச் சாமானோ?" என்று காரில் புனிதவதி கேட்டாள்.

"சோக்கான அசல். கையில வாங்கின உடனயே தெரியும்."

"பின்னை ஏன் அந்த மனிசனுக்குச் சொல்லேல்லை?"

"உடன சொன்னால் மதிப்பிருக்காது. ஒரு கிழமை காயட்டும்."

வீட்டில் பெறுமதியான சாமானை அவர் சாமித்தட்டில்தான் வைப்பார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் மாறி ஒருவர் தங்கிப் போகிற வீடு அது. அங்கே மட்டும்தான் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். புனிதவதியைத் தவிர.

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல் குத்துவிளக்கையும் மணியையும் செம்பையும் இறக்கிப் புளியும் உப்பும் போட்டு மினுக்கினாள். தட்டின் ஓரத்தில் கிழவரின் பதக்கம் கன்னங்கரேலென்று கிடந்தது. அதுவும் பித்தளைதானே என்று நினைத்தாள். பாவம், அந்த மனிதர் கோட்டில் குத்திக்கொண்டு கோயிலுக்குப் போகப்போகிறார், அதை இந்தக் கோலத்திலா கொடுப்பது? இரவல் வாங்கிய சட்டியைக்கூட விளக்காமல் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவள் பிறந்த வீட்டில் இல்லை. இலை இலையாகப் புளியை வைத்துத் தேய்த்தாள். அழுக்குப் போகாத பள்ளங்களுக்குக் கம்பிச்சுருளைப் போட்டாள். கடைசியில் அது புதுப்பவுன் போல் மின்னியது. கழுகு சுவஸ்திகாவைத்தானே பிடித்திருக்கிறது என்று அதற்கு மேல் ஒரு குங்குமப்பொட்டும் வைத்தாள்.

வேலையால் வந்த இரத்தினவேலர் சாமித்தட்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆர் இதைத் தொட்டது?"

"நான்தான். ஒரே ஊத்தையாக் கிடந்தது. ஆரின்ரையோ சாமான், திருப்பிக் குடுக்கேக்க வடிவா இருக்கட்டும் எண்டு..."

"மூதேவி! ஊத்தையில்லையடி, அதுதான் அதின்ர உயிர்!"

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு விளக்கடிக்குப் போனார். பள்ளங்களில் முலாம் இல்லை. நாற்பது வருடக் கறுப்பு இல்லை. முதுகிலே செய்தவன் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. புனிதவதி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் வந்து அந்த மனிசனிட்டச் சொல்லுறன், பிழை என்னிலதான் எண்டு. உங்களுக்கு அசல் எண்டு தெரியும்தானே. அதைச் சொல்லிவிடுங்கோ, அவர் போய் வாசிக்கட்டும்."

"சொல்லிப்போட்டு? இரத்தினவேலற்ர மனிசி புளி போட்டு மினுக்கினவ எண்டு கடையில இருக்கிறவன் எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறதுக்கோ? பிறகு எவன் என்னை நம்பி ஒரு சாமானைத் தருவான்?"

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"அது என்ர பாடு. கடையில நீர் வாயைத் திறந்தீரெண்டால் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஹெல்முட் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சங்கத் தலைவரும் கூட வந்திருந்தார். கடைக்காரனும் வழக்கமான சேகரிப்பாளர்கள் சிலரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். இரத்தினவேலர் பதக்கத்தை மேசையில் வைத்து ஒற்றை விரலால் தள்ளினார்.

"போலி."

கிழவர் அதை எடுத்துப் பார்த்தார். "இது என்னுடையது போல் இல்லையே. என்னுடையது கறுத்திருந்தது."

"உங்களுடையதுதான். மேலே இருந்தது சப்பாத்துப் பொலிஷும் தேயிலைச் சாயமும். அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கீழே வெறும் பித்தளை."

"முதுகில் பெயர் இருக்கிறதே?" என்றான் கடைக்காரன்.

"பெயர் வெட்டுவது பெரிய வேலையா?" என்றார் இவர்.

சங்கத் தலைவர் சிரித்துக்கொண்டே கிழவரின் தோளில் தட்டினார். பாண் நன்றாகத்தான் சுட்டாய் ஹெல்முட் என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். கிழவர் சிரிப்பைக் கவனிக்கவில்லை.

"எப்போது செய்திருப்பார்கள்?" என்று கேட்டார்.

இரத்தினவேலருக்கு வாயில் வந்தது அதுதான், வேறு காரணமில்லை. "யுத்தம் முடிந்த கையோடு. ஒரு வருடம், இரண்டு வருடத்துக்குள்."

கிழவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். யாருக்கென்றில்லாமல் சொன்னார். "நாற்பத்தாறு, குளிர்காலம். ஊரில் தின்ன ஒன்றுமில்லை. என் மனைவி ஹனா ஒருநாள் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொண்டுவந்தாள். எங்கிருந்து என்று கேட்டேன். மாமா தந்தார் என்றாள்." பதக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "விற்றுவிட்டாள். அசலை விற்றுவிட்டு இதை வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். சாகும்வரை சொல்லவில்லை."

அந்த நேரத்தில் புனிதவதி எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சலவைப் பகுதியில் பேசுகிற இங்கிலீஸ் அதற்குத் தாராளமாகப் போதும். அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இரத்தினவேலரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அன்றும் அவர் நேரே றிச்மண்ட் ஹில்லுக்குப் போய், பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு, வரிசையில் நின்று பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்.

புனிதவதிக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கண்ணாலும் காணாத ஒரு செத்த பெண்ணின் தலையில் அல்லவா பழி விழுந்துவிட்டது! படி ஏறக்கூடாதென்றால் கூட வேலை செய்கிற புஸ்பராணி வீட்டில் போய்ப் படுக்கலாம் என்று துணிந்துகொண்டு, புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டாள். கணவரின் சட்டைப்பையில் கிடந்த கிழவரின் முகவரி அட்டையை எடுத்துக்கொண்டு பிக்கரிங்குக்கு ரயில் ஏறினாள். நினைவு ஞாயிறுக்கு இன்னும் நாள் இருந்தது.

ஹெல்முட் அவளை அடையாளம் கண்டு, சமையலறையில் உட்காரவைத்துக் கோப்பி போட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பதக்கம் அசல். என் கணவர் அன்றைக்கே காரில் சொன்னார். அழுக்கை எடுத்தது நான், எங்கள் வீட்டில் விளக்கு மினுக்குகிற மாதிரி. உங்கள் மனைவி விற்கவில்லை. என் கணவர் தன் பெயரைக் காப்பாற்றப் பொய் சொன்னார். கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கிழவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசைக்கு மேலாக அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அம்மா, உங்கள் கணவரிடம் ஏன் போனேன் தெரியுமா? அவர் யாருக்கும் இரக்கம் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு விதவை முன்னால் நின்று அழுதபோதும் உண்மையைத்தான் சொன்னாராம். அப்படிப்பட்ட மனிதர் பொய் சொல்லமாட்டார். நீங்கள் நல்லவர். அன்றைக்கு மூலையில் நீங்கள் இருந்த இருப்பைப் பார்த்தேன். என்மேல் இரக்கப்பட்டு வந்திருக்கிறீர்கள்."

"இல்லை, இரக்கமில்லை, உண்மை" என்றாள் அவள்.

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்து கழற்றிய இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. அவள் அதைப் பார்ப்பதைக் கிழவர் கண்டார்.

"கல்லறையில் ஹனாவின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் அப்போதே வெட்டிவைத்தோம், நான் போனதும் திகதி மட்டும் போட்டால் போதுமென்று. என் பெயரை அழிக்கச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஆள் வந்து அழித்துவிட்டுப் போனான்."

புனிதவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவர் எழுந்துபோய் அவளுடைய கோட்டை எடுத்து வந்தார்.