பாயில் ஓர் ஆள் இடம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு வாங்குகள் வந்துவிட்டன. நல்ல முதிரைப் பலகை. முதுகு சாயலாம், முழந்தாளிட முன்னால் ஒரு சட்டமும் உண்டு. வார்னிஷ்தான் இன்னும் சரியாகக் காயவில்லை. நற்கருணைக்கு எழும்பியபோது என் சேலை பலகையில் ஒட்டிப் பிடித்து, கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. முன்னால் இருந்த என் வகுப்புப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரீச்சராயிற்றே, நான் சிரிக்கவில்லை.

வார்னிஷ் மணம் மற்ற மணங்களையெல்லாம் விரட்டிவிடுகிறது. எங்கள் கோயிலுக்கென்று ஒரு மணம் இருந்தது. சாம்பிராணி, உவர்க்காற்றில் ஈரம் ஊறிய பன்பாய், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத மீன். அப்படியொரு மணம் எங்கள் மேல் இருப்பதே கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே தீர்மானித்தேன், இவளை விட நன்றாக வாசித்துக் காட்டுவதென்று. காட்டினேன். எங்கள் வீட்டில் பெருவிரல் அடையாளம் வைக்காமல் பேனையால் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான். இதைச் சொல்லாமல் என்னால் ஒரு கதையும் தொடங்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாயைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முள்ளிவாய்க்காலுக்குக் கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்த கிடுகுக் கோயில் எங்களுடையது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்களுக்கொரு பாய், பெண்களுக்கொரு பாய், அதை விரிக்க ஓர் இடம். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். எந்தப் பாயில் ஆள் குறைந்திருக்கிறது என்று பார்த்தாலே ஊர்ச் செய்தி பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதியை நான் வாசிப்பேன்.

பங்குச் சுவாமி மாதத்தில் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் மூப்பர் முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவார். ஊருக்கு அவர்தான் பெரியவர். செபமெல்லாம் மனப்பாடம். கண்ணாடி இல்லாததால் வாசிப்பதில்லை என்பார். கண்ணாடி வாங்கிக் கொடுத்தாலும் வாசிக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. சுவாமி அறிவித்தல்களை ஒரு தாளில் எழுதி, சனிக்கிழமை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். மூப்பர் அதை என்னிடம் தருவார். செபம் முடிந்ததும் சனம் வெளியே பூவரசு மரத்தடியில் கூடும். கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளத்தில் ஏறி நின்று நான் வாசிப்பேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போலத் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் தொடங்குவேன். என்ன ஒரு எடுப்பு!

இந்த வாரம் கோயில் கூட்டுவது யார், கோயில் பங்குக்கு எந்த வலையின் மீன், யாருக்குக் காய்ச்சல் வருத்தம், யாருக்காகச் செபிக்க வேண்டும், கலியாணத்துக்குத் தடையுண்டோ என்று ஊரைக் கேட்கிற ஓலை யாருடையது. கடைசியில் மூப்பரின் ஆடு காணாமல் போன விசயமும் வாய்வழியாகச் சேர்ந்துகொள்ளும். நான் வாசிக்கும்போது அப்பா கூட்டத்தின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். கரைவலை இழுத்து முதுகு வளைந்த மனிதர். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவருக்கு முதுகு நேராகிவிடும்.

அப்படியிருக்கத்தான் அக்கா போனாள்.

ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்ய வந்த குடும்பம் ஒன்று. யாழ்ப்பாணத்துச் சைவ ஆட்கள். அந்த வீட்டு வேலாயுதம் என்பவர் சைக்கிளில் நெல் கொண்டுவந்து கருவாடு மாற்றிக்கொண்டு போவார். சைவக்காரருக்கு இவ்வளவு கருவாடு ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் அக்காவும் அவரும் முல்லைத்தீவுக்குப் போய்ப் பதிவுக் கந்தோரில் கலியாண எழுத்து எழுதிக்கொண்டார்கள். கோயிலில் ஓலை இல்லை, பூசை இல்லை, தாலி ஆசீர்வாதம் இல்லை. எங்கள் பாயில் ஓர் ஆள் இடம் வெறுமையானது.

"என்ன அக்கா, உங்கட மூத்தவள் இப்ப மரக்கறியோ?" என்று லூர்தம்மா மாமி செபம் முடிந்து வரும் வழியிலேயே அம்மாவிடம் கேட்டார். "மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்குமோ?"

"இறங்குதோ இல்லையோ, உங்களிட்டக் கேட்டு வரமாட்டாள்" என்றார் அம்மா. வீட்டுக்கு வந்துதான் அழுதார்.

அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை வந்த பிறகு அம்மாவின் பயம் இரட்டிப்பானது. பிள்ளைப்பேற்றில் பெண்கள் செத்துப்போன காலம் அது. இப்படியே ஏதும் நடந்தால் பாவசங்கீர்த்தனம் இல்லை, சேமக்காலையில் குழி இல்லை. சேமக்காலையின் வேலிக்கு வெளியே, நாயுண்ணிப் பற்றைக்குள்தான் புதைப்பார்கள். அம்மா சுவாமியின் காலில் போய் விழுந்தார். சுவாமி ஆயரிடம் கோயில் கலியாணத்துக்கு உத்தரவு எடுத்துக் கொடுத்தார். ஆனால் கரையின் வழக்கம் ஒன்று இருந்தது. ஊரறியப் பிழை விட்டவர், ஊரறியத் தவம் செய்ய வேண்டும். சுவாமி வருகிற ஞாயிறு, பூசை முடியும் வரைக்கும் கோயில் வாசலுக்கு வெளியே, கொளுத்தாத மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு முழந்தாளில் நிற்க வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு பெயர் வாசிக்கப்படும்.

பெயரை வாசிக்கிற ஆள் நான்.

சனிக்கிழமை பின்னேரம் தாள் வந்தது. வழக்கம்போல முற்றத்தில் நின்று வாசித்துப் பழகினேன். அம்மா சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கோயில் கூட்டுகிறவர்களை வாசித்து, வருத்தக்காரரை வாசித்து, அடுத்த வரியில் நின்றுவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டினனி?" என்றார் அப்பா.

"அக்காவின்ர பேர்."

அம்மாவின் கை மீன் சட்டிக்குள் அப்படியே நின்றது. "நாளைக்கு உனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவம். மூப்பர் வாயால சொல்லட்டும்."

அப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவள் வாசிச்சால் ஒருக்காத்தான் கேக்கும். இவள் வாசிக்காட்டி ஊர் வருசம் முழுக்க வாசிக்கும். வாசி, பிள்ளை. மற்றவையின்ர பேரை வாசிச்ச வாய்தானே."

மறுநாள் வாசித்தேன். ஆட்டுக்கும் ஓலைக்கும் எந்தக் குரலோ, அதே குரல். அப்பா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்துதான் நின்றார். வள்ளத்திலிருந்து நான் இறங்கியபோது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. லூர்தம்மா மாமி கூட.

அடுத்த ஞாயிறு சுவாமியின் மோட்டார் சைக்கிள் மணலில் புதைந்து, பூசை தொடங்கவே பிந்திவிட்டது. வெயில் ஏறிவிட்டது. அக்கா வந்திருந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் முட்டாக்கு, எட்டு மாத வயிறு. வாசலுக்கு வெளியே சுடுமணலில் முழந்தாளிட்டாள். எங்கள் பாயில் அம்மா ஓர் ஆள் அளவுக்குத் தள்ளி இருந்தார். தவம் முடிந்ததும் உள்ளே வருவாளல்லவா, அவளுக்கு.

நற்செய்தி வாசிக்கிற நேரம் வாசற்படியில் ஒரு வட்ட நிழல் விழுந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது. எல்லோரும் பார்த்தோம். வேலாயுதம் அத்தான் கறுத்தக் குடையொன்றை விரித்து அக்காவின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

மூப்பர் எழும்பிப் போனார். மெல்லப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. கோயில் முழுக்கக் கேட்டது.

"தம்பி, குடையை மடக்கும். இது தவம்."

"தவம் அவவுக்குத்தானே ஐயா. வயித்தில இருக்கிறது என்ன பிழை செய்தது?"

"நீர் சைவக்காரன். உமக்குக் கோயில்ல என்ன அலுவல்?"

"அதுதான் வெளியில நிக்கிறன்."

ஆண்கள் பக்கத்தில் யாரோ செருமினார்கள். அது சிரிப்பென்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் சுவாமி பீடத்தைப் பார்த்துத்தான் பூசை வைப்பார், முதுகுதான் எங்களுக்கு. எங்கள் பக்கம் கையை விரித்துத் திரும்புகிற முறை வந்தபோது அவர் கண் வாசலுக்குப் போனது. வழக்கமான இலத்தீன் செபத்தைச் சொல்லிவிட்டுப் பீடத்துப் பக்கம் திரும்பிவிட்டார். மூப்பர் தன் இடத்துக்கு வந்தார். நிழல் பூசை முடியும் வரைக்கும் வாசற்படியில் கிடந்தது. அத்தான் கை மாற்றும்போது மட்டும் கொஞ்சம் ஆடியது.

முடிந்ததும் மூப்பர் வாசலில் நின்று, "திரேசா, எல்லாம் சரி. இனி நீ உள்ளுக்கு வரலாம்" என்றார்.

அக்கா அத்தானின் கையைப் பிடித்து எழும்பினாள். முழங்கால் சேலையில் இரண்டு மணல் வட்டங்கள். உள்ளே வந்தாள். எங்கள் பாயைக் கடந்து போனாள். சுவாமி அறைக்குள் அத்தானையும் கூப்பிட்டு வைத்துக் கலியாண ஆசீர்வாதம் நடந்தது. திரும்பவும் எங்கள் பாயைக் கடந்தாள். அம்மா தன் பக்கத்து வெற்றிடத்தைக் கையால் ஒருமுறை தடவினார். அக்கா அதைப் பார்த்தாள். நின்று, அம்மாவின் தலையைத் தொட்டுவிட்டு, வெளியே போய்ச் சைக்கிளில் ஏறினாள். குடை கரியரில் கட்டியிருந்தது.

பிள்ளை சுகமாகப் பிறந்தான். ஞானஸ்நானம் ஒட்டுசுட்டான் பக்கத்துச் சின்னக் கோயிலில் நடந்தது. எங்கள் கரைக்கு அக்கா அதற்குப் பிறகு வரவில்லை. நான் லீவில் போகும்போதெல்லாம் கேட்பேன். ஒருமுறை நெல் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"சுவாமியில எனக்குக் கோவம் இல்லை. மூப்பரிலயும் இல்லை. நான் வெயிலுக்க நிண்ட நேரம் நீங்கள் எல்லாரும் நிழலில இருந்தனீங்கள். அந்த நிழலுக்க எனக்கு இனி இருக்கேலாது." பிறகு சுளகைத் தட்டிவிட்டு, "நீ வடிவாய் வாசிச்சனியாம். லூர்தம்மா மாமி சொன்னவ" என்றாள்.

வடிவாய்த்தான் வாசித்தேன். அதில் எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் வடிவாய் என்ற அந்தச் சொல், அதற்குப் பிறகு வாசிப்புக்குக் கிடைத்த ஒரு பரிசிலும் எனக்கு இனித்ததில்லை.

இப்போது பூசை தமிழில். சுவாமி எங்களைப் பார்த்து நிற்கிறார். அறிவித்தல்களை அவரே ஒலிபெருக்கியில் வாசிக்கிறார், குழாயைப் பூவரசிலேயே கட்டியிருக்கிறார்கள். கவிழ்ந்த வள்ளம் விறகாகிவிட்டது. வாசலில் முழந்தாளிடுகிற வழக்கம் போயே போய்விட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. போனது நல்லதுதான். மூப்பரும் போய்விட்டார்.

அம்மா மட்டும் அன்றைக்கு விட்ட இடத்தை ஒவ்வொரு ஞாயிறும் விட்டார். மழைநாளில், கொடியேற்ற நெரிசலில், கோயில் நிரம்பி வழிகிற நத்தார்ப் பாலன் பிறப்புப் பூசையிலும் எங்கள் பாயில் ஓர் ஆள் இடம் இருக்கும். பாய் எங்களுடையதென்பதால் ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை.

போன ஞாயிறு அம்மா புது வாங்கின் ஓரத்தில் இருந்தார். நான் இந்தப் பக்கம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் செபப்புத்தகத்தையும் மடித்த முட்டாக்கையும் வைத்திருந்தார். பிரசங்கத்துக்குக் கொஞ்சம் முந்தி பரந்தனிலிருந்து வந்த பெண்ணொருத்தி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். புதிய ஆள், அவளுக்கென்ன தெரியும்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி இருக்கிறீங்களோ?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு புத்தகத்தையும் முட்டாக்கையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தள்ளி இருந்தார்.