அடியந்திரத்துக்கு வந்த வண்டி

மூன்றாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு நான் கட்டியவை: ஒரு செங்கல் சூளை, ரோட்டடியில் ஐந்து கடைகள், ஒரு அரிசி மில், மூன்று பெண்மக்களுக்கு மூன்று ஓட்டு வீடு. கைதூக்கிவிட ஆளில்லை. முதல் சூளை மழையில் கரைந்தது, மறுபடி போட்டேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாமல் நான் கட்டியது ஒன்று உண்டு. என் தம்பி செத்த வழக்கு.

திருவிதாங்கூர்-கொச்சியோடு நாங்கள் இருந்த காலம்; கோர்ட்டு, கச்சேரி, காகிதம் எல்லாம் மலையாளத்தில்தான். தம்பி மயிலாடிப் பக்கம் ஒரு காண்டிராக்டரின் கல்குவாரியில் வேலை பார்த்தான். அன்று பாறையில் இரண்டு வெடி வைத்திருந்தார்கள். ஒன்றுதான் வெடித்தது. மற்றதன் திரி அணைந்துவிட்டது, ஏறிப் போய்க் கல்லைத் தள்ளு என்று மேஸ்திரி சொன்னான். தம்பி ஏறினான். திரி அணைந்திருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். சாக்கில் மலையாளத்தில் ஏதோ நீல எழுத்து. எனக்கு அது வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் அப்படித்தான். சோறு வைத்தால் தின்றேன், கூப்பிட்டால் திரும்பினேன்.

பதினாறாம் நாள் காரியத்தை எங்கள் பக்கம் அடியந்திரம் என்போம். சொந்தக்காரர்களும் வேண்டியவர்களும் அரிசி, தேங்காய், காய்கறி என்று துக்க வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். முந்தின நாள் காண்டிராக்டரிடமிருந்தும் ஒரு மாட்டுவண்டி வந்தது. இரண்டு மூட்டை அரிசி, தேங்காய், வாழைக்குலை, பூசணி. கூட வந்த கணக்கப்பிள்ளை ஒரு காகிதத்தை நீட்டினான். மலையாளம்.

"என்னவே இது?"

"சாமான் வந்து சேந்ததுக்குள்ள சீட்டாக்கும். வண்டிக்காரன் வழியில வித்துரப்பிடாதுல்லா." மைக்கூட்டைத் திறந்தான். "கைநாட்டா அண்ணாச்சி? இல்ல, நீரு ஒப்புப் போடுவீருன்னுல்லா கேள்விப்பட்டேன்."

கைநாட்டு என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரையாவது அழைத்து வாசிக்கச் சொல்லியிருப்பேன். என் பெயரை எழுத நானே படித்துக்கொண்டவன். பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதினேன். நல்ல கையெழுத்து என்றான் அவன்.

நஷ்டஈடு கேட்டுக் காண்டிராக்டர்மேல் நாங்கள் வழக்குப் போட்ட பிறகு அந்தக் காகிதம் கோர்ட்டுக்கு வந்தது. எங்கள் வக்கீல் எனக்குத் தமிழில் சொன்னார். தம்பியின் உயிருக்கு நஷ்டஈடாக இன்னின்ன சாமான்கள் பெற்றுக்கொண்டேன், இனி எங்கள் குடும்பத்துக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் தம்பி பெண்டாட்டி நின்றிருந்தாள். அவளிடம் சொன்னேன்.

"அவுகளுக்கு வெல பூசணிக்காயா அத்தான்?"

அந்தப் பூசணியில் வைத்த எரிசேரியை நானும்தான் தின்றிருந்தேன்.

"ஒப்பு உம்மதுதானே? பின்ன கேஸு நிக்காது" என்றார் வக்கீல். இதை யாரும் மறக்க வேண்டாம். கைவிட்டது அவர்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்குத் தோன்றியது. அடியந்திரத்துக்குக் காண்டிராக்டரும் வந்திருந்தார். உயிருக்கு விலை கொடுத்துத் தீர்த்தவன், அந்த வீட்டுப் பந்தியில் இருந்து சாப்பிடுவானா? ஆனால் அவர் பந்தியில் இருந்ததை எங்கள் சொந்தக்காரன் சொன்னால் கோர்ட்டு நம்பாது. சமைத்த தவசிப்பிள்ளை சொன்னால் நம்பும். ஊர் விருந்துக்கெல்லாம் சமைக்கிறவர் அவர்தான்.

அவர் மாட்டேன் என்றார். "முதலாளி வீட்டுக் கல்யாணம் எல்லாம் எனக்க கையிலயாக்கும். நாளைக்கு எவன் என்னய அடுப்புப் பத்த வைக்கக் கூப்புடுவான்?"

ஐந்து தடவை போனேன். ஐந்தாம் தடவை சொன்னேன்: "எனக்க வீட்டுல நல்லது கெட்டது எல்லாம் இனி ஒம்ம கைதான். நான் செத்தாலும் நீருதான் சமைக்கணும்."

"அதுக்கு நான் இருக்கணும்லா வே" என்றார். ஆனாலும் வந்தார். சாட்சியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் வக்கீல் மறுபடி கேஸைக் கையில் எடுத்தார்.

கூண்டில் ஏறி நின்றவரை எதிர்வக்கீல் மிரட்டினார். "அத்தன பேருல இவர் வந்து சாப்பிட்டது உமக்கு எப்படித் தெரியும்?"

"முதலாளி ரெண்டாம் பந்தியில கெழக்குப் பாத்து இருந்தாரு. பாயசம் ரெண்டு மட்டம் கேட்டு வாங்குனாரு, பழம் பெசஞ்சு. அது போவட்டும். கைகழுவ வந்த எடத்துல, எரிசேரியில உப்புக் கொறவுன்னு எங்கிட்டச் சொன்னாரு. முப்பது வருசமா அடுப்புல நிக்கேன், ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்ல. அத நான் மறப்பனா?"

கோர்ட்டில் சிரித்தார்கள். காண்டிராக்டர் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டியவர்கள் கொண்டுவருவது போலக் கொண்டுவந்து, பந்தியிலும் இருந்தவர் அதை நஷ்டஈடு என்று சொல்ல முடியாது என்று நீதிபதி அந்தக் காகிதத்தைத் தள்ளினார். பிறகு மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றினார்கள்; தம்பியைப் பாறையில் ஏறச் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். குற்றம் குவாரிமேல்தான் என்று தீர்ப்பானது. தம்பி பெண்டாட்டிக்குச் சேர வேண்டியது சேர்ந்தது.

தீர்ப்பை வாசித்தது எனக்குத் தெரியாத பாஷையில். சாக்கு எழுத்தைப் பார்த்தது போலவே அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதும் அழுகை வரவில்லை. தம்பி பெண்டாட்டி அழுதாள். நான் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

தவசிப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். என் வீட்டு மூன்று கல்யாணமும் அவர் கைதான்.

இப்போது வக்கீல் வீட்டார் அவர் நினைவு நாளுக்கு நோட்டீஸ் அச்சடித்திருக்கிறார்கள். குவாரித் தொழிலாளிக்கு நியாயம் வாங்கித் தந்தவர் என்று போட்டிருக்கிறது. வழக்கு நிற்காது என்று சொன்னவர் அவர். நிற்கவைத்தவன் நான். அடுத்த வருஷத்து நோட்டீசில் என் பெயரையும் போட வேண்டும். தெரியாத காகிதத்தில் ஒப்புப் போட்டுக் கெடுத்தவனும் இவன், தவசிப்பிள்ளையைக் கூட்டி வந்து நிமிர்த்தியவனும் இவன் என்று இரண்டையும் போடட்டும். ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் போடுவதானால் எனக்கு வேண்டாம்.