அக்கா வரைந்த ஆங்கில எழுத்து

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாய் நகரியில் பிறந்து, திருப்பதியில் வாழ்ந்து மறைந்த அக்காவுக்கு இன்று முதலாண்டு நினைவு நாள். தம்பியாகிய நான் எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்தருள்க.

நைனா என்று நாங்கள் அழைத்த அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்தவர். அக்கா தெலுங்கு மீடியத்தில் பத்தாவது வரை படித்தார், இங்கிலீஷில் ஃபெயில். மணமாகித் திருப்பதிக்கு வந்தபின், மாமாவின் ஆட்டோ வருமானம் போதாமல், கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடையில் டைப் அடிக்கச் சேர்ந்தார். கம்ப்யூட்டர் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது.

அதிலிருந்த ஆங்கில எழுத்துகள் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "எல்லாம் ஒரே தடிப்பா, துன்னுட்டுத் தூங்குறாப்புல கீது" என்பார். கட்டம் போட்ட தாளில் தாமே பென்சிலால் வரைந்தார். நெட்டுக்கோடுகள் தடிமன், அவற்றைச் சேர்க்கும் கோடுகள் மயிரிழை, முனைகளில் மெல்லிய பாதம். எழுத்துகளும் எண்களும் முடிய ஒரு வருடம் பிடித்தது. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரிகை அடித்தபோது வாடிக்கையாளர்கள் சொக்கிப்போனார்கள். முதலாளியோ, "பம்பாய்லேர்ந்து வரவழைச்சது" என்று சொல்லிக்கொண்டார். பத்தாவது தேறாத பெண் வரைந்ததென்றால் எவன் நம்புவான் என்பது அவர் நியாயம். அக்கா அடுத்த பத்திரிகையை அடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் வயிறெரிந்தது.

திருப்பதியில் பெரிய ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், தம் மகள் கல்யாணப் பத்திரிகையை அந்த எழுத்தில், தங்க நிற மையில் அடித்தார். வழக்கப்படி வீட்டுப் பெண்கள் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். ஒரு மூலையில் பொடியாக இருந்த முகூர்த்த நேரத்தின் மயிரிழைகள் மஞ்சளில் மறைந்தன. சுழியமெல்லாம் மேலும் கீழும் அறுந்து, இரண்டிரண்டு குச்சிகளாய் நின்றன. மனிதர் பத்திரிகைக் கட்டோடு கடைக்கே வந்துவிட்டார்.

"ஏமய்யா இது? நல்ல காரியத்துக்கு ஒடஞ்ச எழுத்தா? உங்க பம்பாய்க்காரனுக்கு மஞ்சள்னா இன்னான்னே தெரியாதா?"

"ஆமா சார், அவன் தப்புதான்" என்றார் முதலாளி. பழியைப் போட வாகான தூரத்து ஊர்! அக்கா எழுந்து நின்றார்.

"பம்பாய் இல்லீங்க சார். நான் வரைஞ்சது. மஞ்சள் பூசிக்கினு வளர்ந்த நானே மறந்துட்டேன். ரெண்டு நாள் குடுங்க."

வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வதென்று மாமா புலம்பினார். அக்கா பொடி அச்சுக்கென்றே, மயிரிழையைச் சற்றுத் தடிப்பாக்கி, தனியாக ஒரு வரிசை வரைந்தார். ஒத்திகைத் தாளில் மஞ்சள் தடவிப் பார்த்த பிறகே அச்சுக்கு விட்டார். ஓட்டல்காரர் மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ஓட்டல் போர்டு, மெனு கார்டு எல்லாம் நீயே எழுதும்மா" என்றார். முதலாளியிடம் அல்ல, அக்காவிடம்.

அதன்பின் சொந்தக் கடை வந்தது. மகன் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா சென்றார். நோய் வந்த பிறகும் அக்கா பென்சிலை விடவில்லை.

கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், தோள் கொடுத்த உறவினர்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம். உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்த ஓட்டல் போர்டைப் பார்த்து யாராவது, "எந்த ஊர்க்காரன் எழுதினது?" என்று கேட்டால், சும்மா இருந்துவிடாதீர்கள். நகரித் தறிக்காரர் மகள், எங்கள் அக்கா எழுதினது என்று சத்தமாகச் சொல்லுங்கள்.