ஞாயிற்றுக்கிழமை பார்த்த அறை

எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலைக்கு ஏன் பெங்களூரு வாடகை கொடுக்க வேண்டும்? டிராஃபிக்கில் சிக்கிக் கிடந்த ஒரு மாலையில்தான் இந்த யோசனை வந்தது. அதன்பின் மூன்று ஊர் மாறிக் களைத்துப்போய், கடைசியில் புதுவயலில் ஒரு மாடி அறையைப் பிடித்தேன். வாடகை குறைவு, நெட் வேகம். பார்க்கப் போனது ஞாயிற்றுக்கிழமை. தெருவே அமைதியாக இருந்தது. அன்றே குடியேறினேன்.

திங்கள் காலை பக்கத்து அரிசி ஆலை ஓடத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ கால். என் ஒப்பந்தம் நீளுமா என்பது அதில்தான் முடிவாகும். லேப்டாப்போடு தெருவுக்கு ஓடினேன்.

ஆலை வாசலில் லோடுக்கு வரிசையில் நின்ற லாரி ஓட்டுநர் கேட்டார்: "என்ன தம்பி, பொட்டியத் தூக்கிக்கிட்டு எங்குட்டு ஓடுறீக?"

விஷயத்தைச் சொன்னேன்.

"சத்தமில்லாத இடந்தானே? ஏறுங்க. ஹாரன்கூட அடிக்க மாட்டேன், போதுமா?"

கண்மாய்க் கரையில் லாரியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர் இறங்கிக்கொண்டார். போன் நெட்டில் முக்கால் மணி நேரம் பேசினேன். ஒப்பந்தம் பிழைத்தது.

திரும்பி வந்தபோது அவர் இடத்தில் வேறு லாரி. பின்னால் இன்னும் நான்கு.

"அண்ணே, உங்க முறை போயிருச்சா?"

"போனாப் போகுது, சாயங்காலம் ஏத்திக்கிறேன். உங்க வேலை தப்பிச்சிருச்சுல்ல?"

வெட்கமாக இருந்தது. எட்டு ஊர்களை அட்டவணை போட்டு ஒப்பிட்ட நான், இந்தத் தெருவில் ஒருவரிடம்கூட ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

இன்னோர் ஊருக்கு மூட்டை கட்ட இனி தெம்பில்லை. நாளை இதே ஊரில், ஆலைச் சத்தம் எட்டாத தெருவில் இன்னோர் அறை பார்க்கப் போகிறேன். வாடகை கேட்கும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவேன்.