‘பாவி’ என்றாள் தண்ணீர் மந்திரி

போன வெள்ளிக்கிழமை நான் கவர்னர் ஆனேன்.

சிரிக்காதீர்கள். ஒரே ஒரு காலைப் பொழுதுக்குத்தான். பாப்பாரப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம்... ஏன் என்று படித்து முடித்ததும் உங்களுக்கே புரியும். அங்கே மாணவர் மந்திரிசபை அமைத்திருக்கிறார்கள். மந்திரிகளுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்க ஒரு ஆள் வேண்டும். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் வம்பளக்கிற அம்மாள் தருமபுரியில்தான் குடியிருக்கிறாள் என்று யாரோ போட்டுக் கொடுத்துவிட, ஹெட்மாஸ்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“வந்தே ஆகணுங்க. புள்ளைங்க ஆசையா இருக்குதுங்க” என்றார்.

பிள்ளைகள் ஆசைப்பட்டார்களோ இல்லையோ, நான் ஆசைப்பட்டுவிட்டேன். மாலை போடுவார்கள் அல்லவா?

ஒரு சிக்கல். என் மகன் அருளுக்கு ஐந்து வயது. அவனை வழக்கமாகப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்கென்று பொம்மிடிக்கு ரயிலேறப் போய்விட்டாள். எனவே கவர்னர் தன் வாரிசோடு டவுன் பஸ்ஸில் போய் இறங்கவேண்டியதாயிற்று.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னுடைய வீரதீரம் தெரியும். தந்திக்காரர் எதிர் வீட்டுக்குப் போனால் எனக்கு இங்கே வியர்க்கும். ஆனால் அருள் விஷயத்தில் என் பயம் வெறும் கற்பனை இல்லை. அவனுக்கு ஒரு பழக்கம். ஆழமாக எதைக் கண்டாலும் உள்ளே எதையாவது போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பான். அவன் அப்பாவின் ஷேவிங் பிரஷ், என்னுடைய ஜெபமாலை, ஒரு முழுத் தேங்காய் – எல்லாம் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள்தான் இருக்கின்றன.

அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இங்கே கிணறு இருக்கிறதா?

“இருக்குதுங்க, பின்னாடி. போன மழையில ஒரு பக்கம் செவுரு சரிஞ்சு போச்சு. நீங்க பயப்படாதீங்க. அதுக்குன்னே ஒரு மந்திரி போட்டிருக்கறோம்” என்றார் ஹெட்மாஸ்டர்.

மந்திரி யார் என்று பார்த்தேன். நான்காம் வகுப்புப் பெண், கெம்பம்மா. எண்ணெய் வழிய வாரிப் பின்னிய தலை. மற்றவர்கள் பாவாடையைச் சரிசெய்துகொண்டும் சிரித்துக்கொண்டும் நிற்க, இவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பேசவே மாட்டேங்குதுங்க இது” என்று காதோடு சொன்னார் வகுப்பாசிரியை ஸ்டெல்லா டீச்சர். “வூட்டுல கன்னடம். இங்க வந்தா வாயையே தெறக்காது. ஒரு பொறுப்பு குடுத்தாவாவது பேசுமேன்னுதான் சார்கிட்ட சொல்லி மந்திரி ஆக்கினேன்.”

பள்ளிக்குள் தமிழ் மட்டும்தான் பேசவேண்டும் என்பது ஹெட்மாஸ்டரின் சட்டம். வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டால் பெஞ்சு மேல் நிற்கவேண்டும். எல்லைப்புறத்து ஊர். கன்னடம் பேசுகிற வீடு, தெலுங்கு பேசுகிற வீடு, தமிழ் பேசுகிற வீடு என்று ஒரே தெருவில் கலந்துகிடக்கின்றன. பிள்ளைகளுக்குப் பாடம் ஏற வேண்டுமே என்ற அக்கறையில் அவர் போட்ட சட்டம் அது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

பதவிப் பிரமாணம் தொடங்கியது. முதலமைச்சர் முழங்கினார். சுகாதார மந்திரி எல்லோருடைய நகத்தையும் வெட்டாமல் விடமாட்டேன் என்று மிரட்டினார். உணவு மந்திரி, மதியக் கோதுமை உப்புமா எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதை உறுதி செய்வதாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

அடுத்தது தண்ணீர் மந்திரி. நான் வாசிக்க, அவள் திருப்பிச் சொல்லவேண்டும்.

“பானையில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வேன். சிறு பிள்ளைகளைக் கிணற்றருகே விடமாட்டேன். யாராவது போனால் உடனே தலைமையாசிரியரிடம் வந்து சொல்வேன்.”

கெம்பம்மாவின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. “சத்தமா!” என்றார் ஹெட்மாஸ்டர். உதடுகளும் நின்றுவிட்டன. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நான் அவசரமாகக் கைதட்டி அவளைப் பதவியில் அமர்த்தினேன்.

பிறகு ஹெட்மாஸ்டர் பேச ஆரம்பித்தார். பேசினார்... பேசிக்கொண்டே இருந்தார். அருள் என் மாலையில் இருந்த சாமந்திப் பூக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து முடித்துவிட்டு நாற்காலியை உதைக்கத் தொடங்கினான்.

“கெம்பா, தம்பிய வெளிய கூட்டிட்டுப் போயி வெளையாட்டுக் காட்டு” என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

நான் தடுத்திருக்கலாம். மேடையில் உட்கார்ந்துகொண்டு எப்படித் தடுப்பது? மந்திரி கூடவே போகிறாள், முன்பக்கத்து மைதானத்தில்தான் விளையாடுவார்கள் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் காது மட்டும் வெளியிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் அருளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றுபோயிற்று.

வீட்டில் குழந்தை சத்தம் போட்டால் தலைவலி. சத்தம் நின்றாலோ... தாய்மார்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எழுந்து போகலாமா, மரியாதை இல்லையே, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் கெம்பம்மா வந்து நின்றாள்.

தனியாக.

மூச்சு இரைத்தது. பாவாடை முழுக்கச் செம்மண். முழங்கையில் ரத்தம். ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பேசாத பெண் வாயைத் திறந்தாள்.

“பாவி... தம்பி... பாவி!”

கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஆனால் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு விதமாக விழுந்தது.

ஹெட்மாஸ்டருக்கு அது வசவு. விருந்தாளி வீட்டுக் குழந்தையைப் பாவி என்கிறாள்! முகம் சிவந்துவிட்டது. “யாரப் பாத்துப் பாவின்னு சொல்ற? பேசாம இருந்த புள்ள பேசுனா இதுதான் பேச்சா?”

ஸ்டெல்லா டீச்சரும் நானும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். தினமும் முழங்காலில் நின்று நம்மை நாமே பாவி என்று சொல்லிக்கொள்கிறவர்கள். எங்களுக்கு அது செய்த பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனமாகக் கேட்டது. டீச்சர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “என்ன பண்ணுனே, கெம்பா? தம்பிய என்ன பண்ணுனே?” என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. இவள் என் பிள்ளையை என்ன செய்தாள்? ஏன் தன்னைப் பாவி என்கிறாள்? ரத்தம் யாருடையது?

“பாவி... பாவி...” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு வார்த்தை வரவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் மேஜை மேலிருந்த பிரம்பை எடுத்தார்.

“நீட்டு கைய!”

கெம்பம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். அடி வாங்கப் பழகிய கைகள், தாமாகவே நீண்டன. ஆனால் உள்ளங்கை விரியவில்லை. மூடிக்கொண்டது. ஒரு கை மேலே போய்ப் பிடித்து இழுத்தது. அடுத்த கை அதற்கு மேலே போய்ப் பிடித்து இழுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிற்றை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்து மறுபடியும் சொன்னாள்.

“பாவி!”

தண்ணீர் சேந்துகிறாள்.

கிணறு!

நாற்காலி கீழே விழுந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. எப்படி ஓடினேன், செருப்பு எங்கே போயிற்று, ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவதற்குள் எத்தனை தடவை கடவுளைக் கூப்பிட்டேன் என்றும் தெரியாது. என்னைக் கூப்பிட வாயில்லாமல் நின்ற அந்தப் பிள்ளையிடம் எவ்வளவு நேரத்தை வீணடித்துவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் கூடவே ஓடி வந்தது.

கிணற்றருகே யாரும் இல்லை. சரிந்த சுவரின் செங்கல்கள் சிதறிக் கிடந்தன. உருளையில் கயிறு இல்லை. குனிந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர். நடுவில் ஒரு சின்ன செருப்பு மிதந்தது. நீல வார். போன கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

வாசகர்களே, இந்த இடத்தில் எழுத்து எனக்கு வரமாட்டேன் என்கிறது. அந்த ஒரு நிமிஷத்தை எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹெட்மாஸ்டர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார், குதிப்பதற்காக.

“அம்மா...”

பின்னால் இருந்து குரல்.

“அம்மா, இந்தக்கா என்னய மாடு மாதிரி கட்டிப் போட்டுட்டா!”

கொஞ்சம் தள்ளி ஒரு புங்கமரம். அதன் மறுபுறத்தில், இடுப்பில் கிணற்றுக் கயிறு சுற்றி, மரத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டு... என் மகன் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. பெரிய அநியாயம் நடந்துவிட்டதுபோல மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

நடந்தது பிறகுதான் புரிந்தது. கல் போட்டுப் பார்க்கக் கிணற்றுக்கு ஓடியிருக்கிறான். சரிந்த இடத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டான். கெம்பம்மா பின்னாலிருந்து இழுத்துப் போட்டாள். செங்கல்லில் விழுந்து அவள் முழங்கை கிழிந்தது. இவன் கையைக் கடித்துவிட்டு மறுபடியும் ஓடப் பார்த்தான். வெளியே வேறு யாரும் இல்லை. விட்டுவிட்டு வந்து சொன்னால் அதற்குள் விழுந்துவிடுவான். சொல்லாமல் இருந்தால் பதவிப் பிரமாணம் என்ன ஆவது? வீட்டில் கன்றுக்குட்டி கட்டுகிற பெண். கயிற்றை உருவினாள், கட்டினாள், தலைமையாசிரியரிடம் சொல்ல ஓடி வந்தாள்.

மந்திரி என்றால் இவளல்லவோ மந்திரி!

முடிச்சை அவிழ்க்க எங்களால் முடியவில்லை. அவள்தான் வந்து ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். அருளை மடியில் போட்டு இறுக்கினேன். அவன் நெளிந்தான். நெளியட்டும்.

ஹெட்மாஸ்டர் பனியனோடு கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தார். கன்னடத்தில் கிணற்றுக்குப் பாவி என்றுதான் பெயர் என்று ஸ்டெல்லா டீச்சர் இப்போதுதான் நினைவு வந்தவராகச் சொன்னார். முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்களாம். நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.

“தெரியுங்க” என்றார் ஹெட்மாஸ்டர், யாரையும் பார்க்காமல். “எங்க வூட்டுல தெலுங்கு. நாங்களும் கெணத்துக்கு அப்படித்தாங்க சொல்லுவோம். எங்கம்மா தெனமும் சொன்ன வார்த்தைங்க அது. இன்னிக்கு எங்காதுல விழலைங்களே...”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. அவர் சின்ன வயதில் எந்தப் பெஞ்சு மேல் நின்றாரோ!

கெம்பம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காயத்தைத் துடைத்துவிட்டேன். கையை நீட்டிக் கொடுத்தாள்.

“கெணத்துகிட்ட ரொம்ப பயந்துட்டியாம்மா?”

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னாள்.

“கெணத்தாண்ட பயம் இல்லீங்க. கூடத்துக்கு வந்தப்பதாங்க... நீங்க எல்லாரும் இருந்தீங்களே.”

ஸ்டெல்லா டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாம் பிள்ளைகளைப் பற்றி என்னென்ன சொல்கிறோம்! மந்தம், அழுத்தம், ஊமைக்கோட்டான்... பேசாத குழந்தைக்கு எத்தனை பட்டப்பெயர்கள். தப்பான வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்து வாயைப் பூட்டிக்கொண்ட பிள்ளை அது என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? பயம் முற்றினால் நீங்களும் நானும் எந்த மொழியில் கத்துவோம்? தாயிடம் கற்ற மொழியில்தானே? அதற்கு நாம் எடுத்தது பிரம்பு.

பெஞ்சு மேல் நிற்கிற சட்டம் திங்கட்கிழமை முதல் கிடையாது என்று ஹெட்மாஸ்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். சுவரையும் கட்டப் போகிறார்களாம். சந்தோஷம். ஆனாலும் கண்ணை மூடினால் எனக்கு இன்னும் அந்த நீலச் செருப்புதான் தெரிகிறது. அருள் கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தால் எழுந்து ஓடுகிறேன்.

அவனுக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. புது வார்த்தை கிடைத்த குஷி. எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு இப்போது பெயர் பாவிதான். நேற்று விளக்கு வைத்ததும் ஜெபத்துக்கு முழங்காலில் நின்றோம். பாவிகளாகிய எங்களை மன்னியும் என்று நான் சொன்னேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

“அம்மா, நாமல்லாம் கெணறா?”

ஆமாண்டா கண்ணு, சுவர் சரிந்த கிணறு.