அர்ச்சுனன் வண்டிக் கண்ணாடியில் ஒரு பேர்

சென்னப்பன் மகள் பூவிழிக்கும் தக்காளி ஏற்றும் அர்ச்சுனனுக்கும் ஏதோ ஓடுகிறது. காரிமங்கலத்தில் ராமக்காள் டீக்கடையில் கிளம்பிய பேச்சு இது. சாட்சி, மெக்கானிக் ஷெட்டில் நசுங்கி நிற்கும் அர்ச்சுனனின் பிக்கப் வண்டி. அதன் முன்கண்ணாடித் தூசியில் விரலால் 'பூவிழி' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் ஏதோ இங்கிலீஷ். அது அர்ச்சுனன் பேர்தான் என்று ஒரு கட்சி. எழுதியது பூவிழியே, பார்த்தவர்கள் உண்டு. இரண்டு பேரும் ஏரிக்கரையில் குனிந்து குனிந்து எதையோ தேடியதையும் பார்த்தவர்கள் உண்டு. ஜோடியாகத் தேடுகிற பொருள் என்னவாம் என்று கேட்டால், ராமக்காள் டம்ளர் கழுவிக்கொண்டே சிரிப்பாள்.

பேச்சில் பாதி நிஜம்தான். மீதிப் பாதியைக் கேளுங்கள்.

பூவிழி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். கூடப் படித்தவர்கள் ஓசூர் கம்பெனி பஸ் ஏற, இவள் தர்மபுரியில் மாதவராஜிடம் சேர்ந்தாள். மாதவராஜ் இன்சூரன்ஸ் சர்வேயர். வண்டி மோதினாலும் குடோன் எரிந்தாலும் போய்ப் பார்த்து, சேதம் இவ்வளவு என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவர். அவரிடம் ஒரு வருஷம் பயிற்சி, ஒரு பரீட்சை, அதற்குப் பிறகுதான் லைசென்ஸ். அதுவும் முதல் படிதான். ஏறினால் அசோசியேட், அதற்கும் மேலே ஃபெலோ. மாதவராஜின் வாசல் பலகையில் அவர் பேருக்குப் பக்கத்தில் அந்த 'ஃபெலோ' இருக்கிறது. பலகை சுத்தமாக இருந்தாலும் பூவிழி தினம் அதைத் துடைப்பாள். கோயிலில்கூட அவ்வளவு நேரம் நிற்கமாட்டாள்.

போட்டோ எடுப்பது, அளப்பது, எழுதுவது எல்லாம் அவள். கீழே கையெழுத்து மட்டும் அவர். அவர் பேனா ஓடும்போது இவள் விரல் தானாக அசையும்.

பரீட்சை பாஸாகிவிட்டாள். பயிற்சி முடிந்தது என்று மாதவராஜ் லெட்டர் தருவது ஒன்றுதான் பாக்கி. அந்த வாரம் பார்த்து அர்ச்சுனன், பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பாலத்துச் சுவரில் கொண்டுபோய் மோதினான். ஆளுக்குக் காயமில்லை. மாதவராஜ் சேலத்தில் இருந்தார். "நீயே போய்ப் பாரும்மா" என்றார். தனியாகப் பார்க்கும் முதல் வண்டி! பஸ்ஸில் போகும்போதே அர்ச்சுனனிடமிருந்து போன்.

"மேடம், வண்டிய வூட்டுக்கு இழுத்துக்கிட்டு வந்துட்டோமுங்க. எங்கம்மா கழிப்பு கழிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. செய்யலாமுங்களா?"

பூவிழி வீட்டில் சைக்கிள் விழுந்தால்கூடப் பீடை போகக் கழிப்பு உண்டு.

"அதெப்படிங்க செய்யாம இருக்கறது? செஞ்சிடுங்க."

சர்வேயர் பார்க்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது. அவள் படித்த முதல் பாடமே அதுதான். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

போய்ப் பார்த்தால் வண்டி கல்யாணப் பெண்போல நிற்கிறது. மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, சக்கரத்தில் கோழி அறுத்து, பள்ளம் விழுந்த இடமெல்லாம் குங்குமம். உடைந்த விளக்கையும் வளைந்த பம்பரையும் காணவில்லை.

"பம்பர் எங்கங்கம்மா?"

"பீடைய எவளாச்சும் வூட்ல வச்சிருப்பாளா கண்ணு? ஏரியில கடாசிட்டேன்" என்றாள் அர்ச்சுனனின் அம்மா தீர்த்தம்மாள். "நீதான செய்யச் சொன்ன?"

ஏரிக்கரைக் கதை அவ்வளவுதான். பம்பர் கிடைத்தது, விளக்கு கிடைக்கவில்லை.

மாதவராஜ் போட்டோவைப் பார்த்தார். "இதுல எது ரத்தம், எது குங்குமம், எது தக்காளி? நான் ரிப்போர்ட் எழுதட்டுமா, இல்ல பூசைக்கு நோட்டீஸ் அடிக்கட்டுமா?" பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "லெட்டர் இப்ப இல்லம்மா. இன்னும் கொஞ்ச நாள் என்கூடவே சுத்து."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. கம்பெனி கேள்விமேல் கேள்வி கேட்க, வண்டி ஷெட்டுக்கு வந்து தூசி படிந்து நின்றது. வேலை முடிந்து வரும்போதெல்லாம் பூவிழி அதன் எதிரில் சும்மா நிற்பாள். ஒரு சாயங்காலம் விரல் தாங்கவில்லை. கண்ணாடித் தூசியில் கையெழுத்துப் போட்டாள். யார் தடுப்பது? பக்கத்தில் 'ஃபெலோ' என்றும் இங்கிலீஷில் போட்டுக்கொண்டாள்.

போன வாரம் ராமக்காள் டீயை நீட்டியபடியே கேட்டுவிட்டாள். "ஏங் கண்ணு, அர்ச்சுனன் மேல அவ்ளோ ஆசையா?"

பூவிழி டம்ளரை வாங்கவில்லை.

"அவன் மேல எனக்கென்னாக்கா ஆசை? அவங்கம்மா ஏரியில கடாசுனது என் லைசென்ச. ஆசையெல்லாம் அதுமேலதான். இதையும் போயி ஊரெல்லாம் சொல்லு."