வந்தும் வராத நர்ஸ்

எங்கள் அலுவலகத்தில் அவனை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவன் ‘மறுபடி’தான். எது கெட்டாலும் "மறுபடி ஒரு தடவை பண்ணிப் பாருங்க" என்பான். லிஃப்ட் வரவில்லை என்றால் மறுபடி அமுக்குவான். பிரிண்டர் காகிதத்தைத் தின்றுவிட்டால் மறுபடி ஒரு காகிதத்தை ஊட்டுவான். படித்த காலத்தில் ஒரே பரீட்சையை எத்தனை முறை எழுதினான் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. இந்த வேலைக்கும் அப்படித்தான் வந்தான். வேண்டாம் என்று அனுப்பினார்கள், வந்தான். திரும்ப அனுப்பினார்கள், திரும்ப வந்தான். இவனை வெளியே நிறுத்துவதைவிட உள்ளே உட்கார வைப்பது சுலபம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அவனிடம்தான்.

அவன் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னாள். "எல்லாரும் இவரு விடாம கேட்டதால நான் ஒத்துக்கிட்டேன்னு நினைக்கிறாங்க. அதெல்லாம் இல்ல. கேட்டுக்கிட்டே இருந்தாரு, நான் முடியாதுன்னுகிட்டே இருந்தேன். அம்மாவைத் தனியா விட்டுட்டு வர முடியாதுன்னு ஒவ்வொரு தடவையும் காரணத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். அது இவரு காதுல ஏறவே இல்ல. ஒருநாள் திடீர்னு, ‘சரி, அம்மாவும் நம்மகூடவே இருக்கட்டும்’னாரு. அன்னிக்குத்தான் நான் சரின்னேன்." இப்போது மாமியாரும் மருமகனும் ஒரு கட்சி, அவள்தான் எதிர்க்கட்சி. அந்தக் கதையை அப்போது சிரிப்பாகக் கேட்டுக்கொண்டேன். அது பிறகு எனக்கு நினைவுக்கு வந்த விதம் வேறு.

எங்கள் நிறுவனம் வீடு தேடிப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ்களை அனுப்புகிறது. நர்ஸ் ஒரு வீட்டு வாசலை அடைந்ததும் தன் போனில் ‘வந்துவிட்டேன்’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அந்தச் செய்தி எங்கள் சர்வருக்கு வரும். சர்வர் ஏற்றுக்கொண்டால் அலுவலகச் சுவரில் உள்ள பெரிய திரையில் அந்த வீட்டின் வரிசை பச்சையாகும். நோயாளியின் பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் அவர்கள் போனிலும் பச்சை தெரியும். செய்தி வராவிட்டால் சிவப்பில் ‘வரவில்லை’ என்று நிற்கும். போனில் இருக்கும் ஆப் மறுபடியின் வேலை. சர்வர் என் வேலை. இரண்டு பக்கமும் சம்பந்தி வீட்டார் மாதிரி. சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் பழி எதிர்ப்பக்கத்துக்குத்தான்.

அந்த மாதம் ஒரு நர்ஸின் வரிசை மட்டும் சிவப்பாகவே நின்றது. எல்லாரும் அவரை ‘நர்ஸ் அக்கா’ என்றே கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர், உரக்கச் சிரிப்பவர், நடையில் எப்போதும் ஒரு ஓட்டம். அவர் பார்த்துவந்த பெரியவர் ஒருவருக்குக் காலில் ஆறாத புண். வெளியூரில் இருந்த அவருடைய மகள் தன் போனில் ‘வரவில்லை’ என்பதைப் பார்த்துவிட்டு, கொதித்துப்போய்ப் புகார் செய்தாள். "வந்தாங்கம்மா, கட்டு மாத்தினாங்க" என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியும் அவள் நம்பவில்லை. அப்பாவுக்கு நினைவு தப்புகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு பொய்ச் சிவப்பு இரண்டு பேரைக் குற்றவாளியாக்கியது. ஒருவர் வேலைக்குப் போகாதவர் ஆனார். இன்னொருவர் புத்தி பேதலித்தவர் ஆனார்.

நர்ஸ் அக்கா விடுப்பு நாளில் போனோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "நான் போகாம இருப்பேனா சார்? அமுக்கினதும் பச்சை டிக் வருது. என் கண்ணால பாக்குறேன்" என்று மேலாளரிடம் முறையிட்டார்.

மறுபடி போனை வாங்கி பொத்தானை அமுக்கினான். பச்சை டிக் வந்தது. சுவர்த் திரையில் அவர் வரிசையும் உடனே பச்சையானது. "மறுபடி பண்ணுங்கக்கா" என்றான். அவர் அமுக்கினார். மறுபடியும் பச்சை. எத்தனை முறை செய்தாலும் பச்சை.

மேலாளர் கையை விரித்தார். "பாத்தீங்களா? ஆப் நல்லாத்தான் வேலை செய்யுது. இதுக்கு மேல நான் என்னம்மா சொல்றது? திங்கள்கிழமைலேருந்து உங்க வீடுகளுக்கு வேற ஆளைப் போடுறேன்."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. உதவி கேட்டு வந்தவரின் கையாலேயே அவருக்கு எதிரான சாட்சியை வாங்கிக் கொடுத்துவிட்டோம். "நோயாளிங்களையாவது கேட்டுப் பாருங்க சார்" என்றார். "அவங்க உங்களுக்குப் பரிஞ்சுதானே பேசுவாங்க" என்றார் மேலாளர். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த காபிக் கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தேன். காபி சிந்தியதுதான் மிச்சம்.

அவர் போனதும் மறுபடியின் பக்கம் திரும்பினேன். "எங்க பக்கம் எதுவும் வரலை. உன் ஆப்தான் எங்கயோ முழுங்குது."

"உங்க சர்வர்தான் துப்புது" என்றான் அவன்.

எங்கள் சர்வருக்கு முன்னால் ஒரு வாசல் உண்டு. உள்ளே வரும் செய்திகளைச் சோதித்து அனுப்பும் காவல் அது. வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவை என் கணக்கில் ஏறாது. அந்த விவரத்தை அவர்களிடம் கேட்டு வாங்குவதற்குள் நர்ஸ் அக்கா வேறு வேலை தேடி, சேர்ந்து, சம்பளமும் வாங்கியிருப்பார். அதனால் நாங்களே நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. உண்மையைச் சொன்னால், தப்பு அவன் பக்கம்தான் என்று நிரூபிப்பதற்காகவே நானும் கிளம்பினேன்.

மறுநாள் காலையில் அக்கா ஸ்கூட்டரில் முன்னால் போக, நாங்கள் மறுபடியின் பைக்கில் பின்னால் போனோம். பெரியவரின் வீடு ஒரு பழைய அடுக்குமாடியில் இருந்தது. மாடிப்படியில் யாரோ காயப்போட்ட துணி தலையில் இடித்தது. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. பெரியவர் நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு, காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

மறுபடி லேப்டாப்பைத் தரையில் வைத்து, அக்காவின் போனிலிருந்து போகும் செய்தி அதன் வழியாகப் போய்வரும்படி அமைத்தான். அப்படிச் செய்தால் ஆப் என்ன கேட்கிறது, எதிர்ப்பக்கம் என்ன பதில் சொல்கிறது என்று வரி வரியாகத் தெரியும். அக்கா பொத்தானை அமுக்கினார். போனில் பச்சை டிக். லேப்டாப்பில் சிவப்பு வரி ஒன்று ஓடியது. பிறகு அதேபோல் இன்னொன்று. பிறகும் ஒன்று. அதோடு சரி, அமைதி.

"பதில் வந்திருக்கு" என்றான் மறுபடி, மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் வந்திருக்கு."

நடந்தது இதுதான். முன்பு ஆப் மெதுவாக இருக்கிறது என்று நர்ஸ்கள் குறைப்பட்டார்கள். அதனால் பொத்தானை அமுக்கியதுமே பச்சை டிக்கைக் காட்டிவிட்டு, செய்தியைப் பின்னால் சாவகாசமாக அனுப்பும்படி எழுதியிருந்தான். செய்தி போகாவிட்டால் ஆப் மறுபடி அனுப்பும். அதுவும் போகாவிட்டால் மறுபடியும். எழுதியவன் எப்படியோ அவன் எழுத்தும் அப்படி. ஏன் திரும்பி வந்தது என்று பதிலைத் திறந்து படிக்க ஒரு வரிகூட எழுதவில்லை. சிக்னல் இல்லாமல் போனால் திரும்ப அனுப்புவது சரி. வாசலில் நிற்பவன் ‘உன்னை விடமாட்டேன், காரணம் இது’ என்று சொன்ன பிறகும் அதே கதவைத் தட்டிக்கொண்டே நின்றால், அவன் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கு. இங்கே செவிடன் நம் ஆப். அவன் மனைவி சொன்ன கதை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"காரணம் என்னன்னு போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

அவன் படித்தான். செய்தியில் உள்ள நேரம் ஏற்கத்தக்கதல்ல என்று இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம்தான் எங்கள் பக்கம் சொல்லி அந்த வாசலில் ஒரு நேரச் சோதனையைச் சேர்க்க வைத்தோம். ஒருவர் அனுப்பிய செய்தியைத் திருடி வேறொருவர் பிறகு அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு செய்தியிலும் போனின் நேரம் இருக்கும். சர்வரின் நேரத்தோடு அது சில நிமிடம் முன்பின் இருந்தால் விட்டுவிடுவோம். அதற்கு மேல் போனால் வெளியே.

மறுபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கா, உங்க போன்ல மணி என்ன?"

அக்கா போனை மார்போடு அணைத்துக்கொண்டார், திருட்டு மாம்பழத்தை மறைக்கும் குழந்தை மாதிரி. "அது... நான் கால் மணி நேரம் கூட வச்சிருக்கேன் தம்பி. மணி சரியா இருந்தா நான் அசமந்தமா கிளம்பிடுவேன். இவரைப் பாருங்க, காலைலேருந்து கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. இந்த மாதிரி எத்தனை வீடு! ஒருத்தரையாவது காக்க வைக்கலாமா?"

"அப்ப நேத்து ஆபீசுக்கு வந்தப்போ?" என்றேன்.

"நேத்து லீவும்மா. லீவு நாள்ல நான் எதுக்கு ஓடணும்? மணியைச் சரியா வச்சுக்குவேன். ஒருநாளாவது நிம்மதியா இருக்க வேண்டாமா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் நர்ஸ்களிலேயே நேரத்துக்குப் பயந்தவர் இவர்தான். அந்தப் பயத்துக்காகவே எங்கள் இயந்திரம் அவரை வராதவர் என்று எழுதிவைத்திருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. அந்தச் சோதனையை வைக்கச் சொன்ன எனக்கும், பதிலைப் படிக்காத அவனுக்கும் இதில் சரிபாதிப் பங்கு.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் வாய் திறந்தார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையே? மூளை சரியாத்தானே இருக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார் அக்கா, கட்டை அவிழ்த்தபடி. "கோளாறு இந்தப் பிள்ளைங்க கிட்டத்தான்." பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

விஷயத்தை மேலாளரிடம் சொன்னபோது அவர் லேசில் மசியவில்லை. "என்னமோ மணிங்கிறீங்க, வாசல்ங்கிறீங்க. டிக் வந்தா வந்ததுதானே?" என்றார். மறுபடி அதோடு விடவில்லை. திங்கள்கிழமை காலை மேலாளர் உள்ளே நுழைந்ததும் எதிரே போய் நின்றான். அலுவலகத்தில் இருப்பவர்களும் அதே ஆப்பில்தான் வருகையைப் பதிய வேண்டும்.

"சார், உங்க போனை ஒரு நிமிஷம் குடுங்க." வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் நகர்த்திக் கொடுத்தான். "இப்ப அமுக்குங்க."

மேலாளர் அமுக்கினார். கையில் பச்சை டிக் வந்தது. சுவரில் அவர் வரிசைக்கு எதிரே சிவப்பு. ‘வரவில்லை.’

அவர் போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "மறுபடி பண்ணிப் பாக்குறேன் இரு."

"மறுபடி பண்ணினா ஆகாது சார்" என்றான் மறுபடி. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை. சுற்றியிருந்த மேசைகளில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

மேலாளர் விடாமல் அமுக்கினார். சிவப்பு அசையவில்லை. "என்னய்யா இது? நான் இங்கதானே நிக்கிறேன்!"

"அவங்களும் அங்கதான் சார் நின்னாங்க."

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான், திரையை நம்பி மனிதர்களைப் பார்க்காமல் விட்டவர். நர்ஸ் அக்காவுக்கு அவரே போன் செய்து மன்னிப்புக் கேட்டார். பெரியவரின் மகளிடமும் பேசினார். அவள் மறுமுனையில் அழுதாள் என்று பிறகு சொன்னார்.

"அந்தம்மாவை மணியைச் சரியா வச்சுக்கச் சொல்லிடு, முடிஞ்சுது வேலை" என்றார் மறுபடியிடம். அது சுலபமான வழி. ஒரு வரியும் எழுத வேண்டாம். ஆனால் அவன் கேட்கவில்லை. சர்வர் அனுப்பும் ஒவ்வொரு பதிலிலும் சர்வரின் நேரமும் கூடவே வரும். அதை வைத்து, போனின் கடிகாரம் எவ்வளவு முன்னே ஓடுகிறது என்று ஆப்பே கண்டுபிடித்து, கழித்துக்கொண்டு அனுப்பும்படி மாற்றினான். பொய் டிக்கையும் எடுத்தான். இப்போது அமுக்கினால் ஒரு சிறு சக்கரம் சுற்றும். சர்வர் சரி என்ற பிறகுதான் பச்சை. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்பதையும் படித்துத் தமிழில் சொல்லும். ஆப் மறுபடியும் மெதுவாகிவிட்டது என்று சில நர்ஸ்கள் முணுமுணுத்தார்கள். "மெதுவாத்தான் சொல்லும், உண்மையைச் சொல்லும்" என்று சொல்லி அனுப்பினான்.

"அப்ப நான் மணியை மாத்த வேண்டாமா தம்பி?" என்று அக்கா போனில் கேட்டார்.

"வேண்டாம்க்கா. உங்க மணி உங்களோடது. அப்படியே ஓடட்டும்."

புது ஆப் போன முதல் காலை, நானும் அவனும் சுவர்த் திரைக்கு முன்னால் நின்றிருந்தோம். இரண்டு பேருமே வேறு வேலை இருப்பதுபோல் நடித்தோம். பெரியவர் வீட்டு வரிசை சாம்பல் நிறத்தில் காத்திருந்தது. பிறகு பச்சையானது. பக்கத்தில் வந்து சேர்ந்த நேரம் விழுந்தது. இந்த முறை சர்வரின் நேரம், சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகும் நேரம். அக்கா வர வேண்டிய நேரத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது.